சத்தம் சும்மா கிடைக்கும், கட்டைக்குத்தான் காசு

அக்கா மகன் கொழும்பில் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேட்டான்: "மாமா, கையில கொஞ்சம் காசு சேத்து வச்சிருக்கேன். கீபோர்ட் வாங்கவா, இல்லாட்டி லெப்டொப்புல சொருகி வாசிக்கிற அந்தச் சின்னக் கட்டை வாங்கவா?"

"இருடா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் மேடைக்காரன் இல்லை. பள்ளிக்கூட வேலை முடிந்த பிறகு வாசிப்பவன். கோயில் பஜனை, எப்போதாவது ஒரு கல்யாண வீடு, மற்ற நாட்களில் ஹெட்போனும் நானும். ஆனால் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துக் குளிரிலும் மழையிலும் மூன்று வகைக் கருவிகளையும் மாறி மாறி வாசித்திருக்கிறேன்.

முதலாவது, ஸ்பீக்கரும் தாளமும் உள்ளேயே இருக்கும் சாதாரண கீபோர்ட். என்னிடம் இருப்பது யமஹா பிஎஸ்ஆர் இ-373. இரண்டாவது, லெப்டொப்பில் சத்தத்தை உண்டாக்கும் இலவச சிந்தசைசர் மென்பொருள்களும், அவற்றை வாசிக்க 25 கட்டை கொண்ட அகாய் எம்பிகே மினியும். மூன்றாவது, கண்டியில் பேண்ட் வைத்திருந்த நண்பர் ஒருவர் மூன்று மாதம் இரவல் தந்த பழைய யமஹா டிஎக்ஸ்-7 சிந்தசைசர்.

சத்தத்தில் இருந்து தொடங்குவோம். மென்பொருள் அடித்து நொறுக்கும் இடம் இதுதான்.

டிஎக்ஸ்-7 வெளிவந்தது 1983இல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையை யமஹா உரிமம் பெற்று அந்தக் கருவியில் போட்டது. ஒரு அலையை இன்னொரு அலையால் குலுக்கிப் புதுச் சத்தம் உண்டாக்குவதுதான் அந்த முறை. அப்படி அலை உண்டாக்கும் ஆறு ஒப்பரேட்டர், அவற்றை ஒன்றோடொன்று கோக்க 32 வழிகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள். எண்பதுகளின் பாட்டுக் கெசட்டில் மணி மாதிரி ஒலிக்கும் எலெக்ட்ரிக் பியானோவைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அன்றைக்கு அமெரிக்காவில் அதன் விலை 1,995 டொலர்.

இன்றைக்கு டெக்ஸெட் என்ற மென்பொருள் அதே ஆறு ஒப்பரேட்டரையும் அதே 32 வழிகளையும் அப்படியே தருகிறது. காசு கிடையாது. டிஎக்ஸ்-7க்காக அந்தக் காலத்தில் செய்து வைத்த சத்தக் கோப்புகளையும் அது நேரடியாகத் திறக்கும். இரவல் கருவி வீட்டில் இருந்தபோது இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி வாசித்தேன். குசினியில் இருந்து கேட்ட அக்காவுக்கு எது எது என்று பிரிக்க முடியவில்லை. எனக்கு ஒரே ஒரு வித்தியாசம் தெரிந்தது: பழைய கருவியில் சுரம் தேய்ந்து அடங்கும் கடைசி நொடியில் மெல்லிய மணலைத் தேய்ப்பது போல ஓர் இரைச்சல். டெக்ஸெட்டில் 'மார்க் 1' என்ற அமைப்பைப் போட்டதும் அந்த மணல் சத்தமும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்பதுகளில் இங்கே எவரும் கனவிலும் வாங்கியிருக்க முடியாத ஒரு கருவி, மலையில் ஒரு பழைய லெப்டொப்புக்குள் உட்கார்ந்திருக்கிறதே என்ற சந்தோஷம்.

இ-373 கீபோர்டில் 622 சத்தங்கள் இருக்கின்றன. பியானோ நன்றாகவே இருக்கும், புல்லாங்குழலும் பரவாயில்லை. ஆனால் ஒரு சத்தம் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் அதற்குள்ளே போய்ப் பிரித்து மேய வழியில்லை. சர்ஜ் எக்ஸ்டி என்ற இன்னோர் இலவச சிந்தசைசரில் ஒரு வார விடுமுறை முழுக்க உட்கார்ந்து நாதஸ்வரம் மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தேன். ஒடுக்கமான பல்ஸ் அலை, மூக்கால் பேசுவது போன்ற தொனிக்கு ஒரு ஃபில்டர், தொடக்கத்தில் கொஞ்சம் காற்று இரைச்சல். இதெல்லாம் போட்டும் ஒர்கன் போலத்தான் இருந்தது. சுரம் தொடங்கும்போது ஒரு கணம் கீழே இருந்து ஏறி வருமாறு வைத்த பிறகுதான், சீவாளியில் காற்றுப் பிடிக்கும் அந்த முதல் நொடி கிடைத்தது. உண்மையான நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாதுதான். ஆனாலும் அது நான் என் காதால் தேடிப் பிடித்த சத்தம்.

அப்புறம் கமகம். நம் பாட்டை வாசிப்பவர்கள் கருவி வாங்குமுன் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இது. இ-373இல் பிட்ச் பெண்ட் சக்கரம், அதாவது சுரத்தை மேலும் கீழும் இழுக்கும் சக்கரம், இல்லை. மாயாமாளவகௌளை சரளி வரிசைக்கு அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தோடியின் காந்தாரத்தை அசைக்கப் போனால் கை கட்டிப் போட்ட மாதிரி இருக்கும். எம்பிகே மினியில் ஒரு குட்டி ஜொய்ஸ்டிக் உண்டு. மென்பொருளில் அதன் எல்லையை இரண்டு அரைச்சுரமாகவோ பன்னிரண்டாகவோ நாமே வைத்துக்கொள்ளலாம். கட்டையும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் இருப்பதால் இழுவை படிக்கட்டு மாதிரிக் கேட்காது. ஆனால் ஜொய்ஸ்டிக்கின் ஓட்டம் விரல் நகத்தளவுதான். நிதானமான அசைவுக்குச் சக்கரமே எனக்குச் சுகம். அந்த வகையில் டிஎக்ஸ்-7இன் சக்கரத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

சர்ஜில் இன்னொரு வசதியும் உண்டு. சுருதி அளவுகளை நாமே மாற்றலாம். கீபோர்டின் அந்தர காந்தாரம் இயற்கையான காந்தாரத்தை விட ஏறத்தாழ 14 சென்ட் கூடுதலாக இருக்கும் (ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). தம்பூரா ஓடவிட்டு அந்த ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் காதில் ஒரு படபடப்புக் கேட்கும். சுருதி அளவுகளை எழுதி வைத்த ஸ்கேலா கோப்பு ஒன்றை ஏற்றி அந்த 14 சென்டைக் குறைத்தேன். படபடப்பு நின்றுவிட்டது. சுரம் தம்பூராவுக்குள் போய் உட்கார்ந்தது. இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பழைய அளவுக்குத் திரும்ப மனம் வராது.

இவ்வளவு சொன்ன பிறகு, மென்பொருளையே வாங்கச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை.

25 சின்னக் கட்டையில் இரண்டு கையையும் வைக்க முடியாது. இடது கையில் கோர்ட், வலது கையில் பாட்டு என்று பழகியவருக்கு இரண்டு ஸ்தாயி எந்த மூலைக்குப் போதும்? கட்டையின் அகலமும் குறைவு. தினமும் அதிலேயே பழகிவிட்டு வெள்ளிக்கிழமை கோயிலில் ஹார்மோனியப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் விரல் தப்பான இடத்தில் விழுகிறது.

கட்டை எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு மழைக்காலத்தில்தான் கண்ணால் பார்த்தேன். அப்போது வேறொரு பழைய கீபோர்ட் வைத்திருந்தேன். வைகாசி மழை தொடங்கி மூன்று வாரம் வெயிலே இல்லை. சுவரில் பூஞ்சணம், அலுமாரியில் இருந்த சட்டையில்கூட ஈரம். ஒரு நாள் நடு ஸ்தாயியின் ரிஷபம் பேசவில்லை. அடுத்த நாள் பேசியது, ஆனால் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் கத்தியது. அடிப்பக்கத்தைக் கழற்றினால் உள்ளே நீளமான ஒரு ரப்பர் பட்டி. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு சின்னக் குமிழ், குமிழுக்குள் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு. கட்டையை அழுத்தும்போது ஒரு பொட்டு முதலில் தொடும், மற்றது ஒரு கணம் பிந்தித் தொடும். இரண்டுக்கும் இடையிலான நேரத்தை வைத்துத்தான் நாம் மெதுவாக அழுத்தினோமா, ஓங்கி அழுத்தினோமா என்று கருவி கணக்குப் போடுகிறது. ஒரு பொட்டில் ஈரமும் தூசும் படிந்தால் கணக்குப் பிழைக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹோலை மெல்லிய துணியில் நனைத்து 61 சோடிப் பொட்டையும் அதற்கு எதிரே இருந்த பலகையையும் துடைத்தேன். நன்றாகக் காயவிட்டுப் பூட்டியதும் ரிஷபம் திரும்பி வந்தது. அன்றில் இருந்து கீபோர்ட் உறைக்குள் சிலிக்கா ஜெல் பை போடாமல் மூடுவதே இல்லை.

ஒரு சத்தம் பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு வேறொன்றைத் தரவிறக்கலாம். கட்டையைத் தரவிறக்க முடியாது.

மேடை என்று வந்தால் கரண்ட்தான் முதல் கேள்வி. 2022இல் ஒரே நாளில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இ-373 ஆறு டபுள் ஏ பெட்டரியில் ஓடும், எடை 4.6 கிலோ. மார்கழி விடியலில் பஜனை தோட்ட வீட்டு வரிசைகளான லயம் லயமாகப் போகும்போது இரண்டு பையன்கள் பிடித்துக்கொண்டால் நடந்துகொண்டே வாசிக்கலாம். லெப்டொப்புக்கும் பெட்டரி உண்டுதான், ஆனால் பனியில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு திருவிழாவில் லெப்டொப்பை மிக்சரில் கொடுத்து வாசித்தேன். சார்ஜரைச் சொருகியதும் ஸ்பீக்கர் முழுக்க 'உய்ய்' என்று ஒரு சத்தம். பாடுகிற அம்மா திரும்பிப் பார்த்தார். சார்ஜரைக் கழற்றி, பெட்டரியிலேயே முடித்தேன். ஜெனரேட்டரில் ஓடும் மேடைகளில் இது அடிக்கடி வரும். லெப்டொப்புக்கும் மிக்சருக்கும் இடையில் சொருகும் ஒரு டிஐ பெட்டி இருந்தால் பெரும்பாலும் தீரும்.

அடுத்தது தாமதம். லெப்டொப் சத்தத்தைத் துண்டு துண்டாகத்தான் வெளியே அனுப்பும். துண்டின் அளவை 1,024 சாம்பிள் என்று வைத்தால் அதனால் மட்டும் 23 மில்லி செக்கன் பிந்தும். சத்தம் ஒரு மில்லி செக்கனில் 34 சென்டிமீட்டர் போகும், ஆகவே எட்டு மீட்டர் தள்ளி நின்று தப்பு மேளம் அடிப்பவரோடு சேர்ந்து வாசிப்பது போன்ற உணர்வு. 256க்குக் குறைத்தால் இரண்டு மீட்டர், அது கைக்குத் தெரியாது. விண்டோஸ் லெப்டொப்பில் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுத்தான் நான் 256க்கு இறங்கினேன். அந்த அளவில் டெக்ஸெட் கலங்காமல் ஓடியது. வைட்டல் என்ற இன்னொன்றும் அழகான சிந்தசைசர்தான், ஆனால் அதன் திரைக் காட்சிகள் பழைய லெப்டொப்புக்குப் பாரம்.

பழைய டிஎக்ஸ்-7 வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆசையாக இருந்தால் நண்பரிடம் வாசித்துப் பாருங்கள், மலைக்கு வாங்கி ஏற்ற வேண்டாம். 14.2 கிலோவைத் தூக்கிக்கொண்டு பொடி மெனிக்கே ரயிலில் ஏறியவனுக்குத்தான் அந்தப் பாரம் தெரியும். ஜப்பானில் இருந்து பழைய சாமானாக வரும் கருவிகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அங்கே மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் சொருகினால் புகைதான் வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு கருவியை வாங்கிய அன்றே இழந்தார்.

செலவைப் பற்றி ஒன்று. பென் டிரைவில் கைமாறும், பூட்டை உடைத்த கிரெக் மென்பொருள்கள் நம் பக்கம் ஏராளம். வேண்டாம். சர்ஜும் டெக்ஸெட்டும் இலவசம், வைட்டலுக்கு இலவசப் பதிப்பு உண்டு. டேட்டா குறைவாக இருப்பவர்கள் ஜெனரல்யூசர் ஜிஎஸ் என்ற சவுண்ட்ஃபொண்டை, அதாவது சத்தங்களை அடக்கிய ஒரு கோப்பை, எடுக்கலாம். கிட்டத்தட்ட 30 எம்பிக்குள் பியானோவில் இருந்து டிரம்ஸ் வரை எல்லாம் வந்துவிடும்.

சரி, மருமகனுக்கு என்ன சொன்னேன்? முதலில், எங்கே வாசிக்கப் போகிறாய் என்று கேட்டேன். கொழும்பு போர்டிங் அறையில் ஹெட்போன் போட்டு மெட்டுப் போடுவது மட்டும்தான் என்றால் சின்னக் கட்டையே போதும், மேசையில் இடமும் மிஞ்சும். "இல்ல மாமா, மார்கழிக்கு வந்து பஜனைக்கு வாசிக்கணும்" என்றான். அப்படியானால் 61 கட்டை, யுஎஸ்பி மிடி, பிட்ச் பெண்ட் சக்கரம் மூன்றும் இருக்கும் கீபோர்ட். யமஹாவில் இ-473, ஐ-500 இரண்டிலும் சக்கரம் உண்டு. புதிதாக வாங்கக் காசு போதாவிட்டால் பாவித்தது ஒன்றைத் தேடலாம். லெப்டொப் ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது.

அன்று ராத்திரியே என் கீபோர்டை அவன் லெப்டொப்பில் சொருகிக் காட்டினேன். கீபோர்டின் சத்தமும் மென்பொருளின் சத்தமும் ஒன்றாகக் கேட்டால் குழப்பம், அதனால் கீபோர்டின் வொலியூமைப் பூச்சியமாக்கிவிட்டோம். கட்டையை அழுத்தினாலும் கருவியின் சொந்தச் சத்தம் வராமல் செய்யும் லோக்கல் ஓஃப் என்ற அமைப்பு இருக்கும் கருவியில் அதைப் போட்டாலும் சரி. முழு அகலக் கட்டையில் டெக்ஸெட்டின் எலெக்ட்ரிக் பியானோவை வாசிக்கத் தொடங்கியவன் பதினொரு மணிக்குத்தான் எழுந்தான்.

இப்போது கொழும்பில் பாவித்த கீபோர்ட் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறான். காசு கொடுக்குமுன் இடது கோடியில் இருந்து வலது கோடி வரை ஒவ்வொரு கட்டையையும் ஒருமுறை மெதுவாக, ஒருமுறை பலமாக அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு கட்டை பேசாவிட்டாலோ, மெதுவாகத் தொட்டும் கத்தினாலோ, கடைக்காரரிடம் உடனே எதுவும் சொல்லாமல் வெளியே வந்து எனக்குப் போன் எடுக்க வேண்டும்.