மேசையில் இருக்கும் பிரிண்டரைப் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அப்போதிருந்து தொண்டி தொடங்கி ராமேஸ்வரம் வரைக்கும் கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "தம்பி, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" கேட்பவர்களில் கீழக்கரையில் பாஸ்போர்ட், விசா தாள்களை நகலெடுத்துக் கொடுக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரும் உண்டு, பாம்பனில் கருவாடு மொத்த வியாபாரம் செய்பவரும் உண்டு. இருவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

போட்டியில் மூன்று இருக்கின்றன. ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று. ராக்சிப், ஆல்வின்னர் சில்லுகள் போட்டு வரும் ஆரஞ்சு பை வகைப் பலகைகள் இன்னொன்று. மூன்றாவது, பெரிய ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய இன்டெல் மினி பிசி அல்லது தின் கிளையன்ட் (சர்வரை நம்பி ஓடும் சின்ன ஆபீஸ் கணினி). கடை வேலைக்கு மூன்றின் வேகமும் தாராளம். எத்தனை கோர், எத்தனை ஜிபி என்று பார்ப்பதில் பொழுதுதான் போகும். வித்தியாசம் டிரைவரில், அதாவது பிரிண்டர், வைஃபை போன்றவற்றோடு கணினியைப் பேசவைக்கும் மென்பொருளில் இருக்கிறது.

இன்டெல் பெட்டி ஆன் ஆகும்போது, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பயாஸ் என்ற தொடக்க மென்பொருளே லினக்ஸிடம் ஒப்பித்துவிடும். அதனால் டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஏற்றிய ஒரே பென்டிரைவ் எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் ஏறும். பை போன்ற, ஆர்ம் வகைச் செயலி உள்ள பலகைகளில் அப்படி ஒப்பிக்க ஆள் கிடையாது. இந்த முகவரியில் யுஎஸ்பி, இந்தக் காலில் ஒலி என்று ஒவ்வொரு பலகைக்கும் தனி வரைபடம் எழுதி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கொடுக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ என்பது அதுதான். ராஸ்பெரி பைக்கு அதை அந்த நிறுவனமே எழுதி, பல ஆண்டுகளாகப் பராமரித்தும் வருகிறது. ஆரஞ்சு பைக்கு விற்றவர் தரும் பழைய கெர்னல், இல்லையென்றால் இந்தப் பலகைகளுக்கு லினக்ஸ் தயாரிக்கும் ஆர்ம்பியன் குழுவின் உழைப்பு. உங்கள் மாடலில் அவர்களில் யாராவது ஒருவருக்கு அக்கறை இருந்தால் பிழைத்தீர்கள்.

இதுவரை பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி. கடைக்காரரைப் படுத்துவது வெளியே சொருகுவதுதான், அதிலும் முதல் இடம் பிரிண்டருக்கு.

நம் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் நிறையப் பார்க்கும் இரண்டு லேசர் பிரிண்டர்கள் கேனன் எல்பிபி 2900, எச்பி 1020. இரண்டும் லேசில் சாகாது, டோனரும் மலிவாக நிரப்பலாம். லினக்ஸில் இரண்டின் கதையும் நேர் எதிர். எச்பி 1020-க்கு நிரந்தர நினைவு கிடையாது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கணினி அதற்குள் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் நிரலை, ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால் விளக்கு எரியும், தாள் வராது. அதைச் செய்யும் ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற டிரைவர் திறந்த மூலம், டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. மூல நிரல் கையில் இருப்பதால் இன்டெல், பை, ஆரஞ்சு பை என்று எதிலும் ஓடும். ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் ஒரு தடவை தனியாக இறக்கிவைக்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் அடுத்த ஏற்றம் தானாகவே நடக்கும்.

கேனன் 2900 பேசுவது கேப்ட் என்ற சொந்த மொழி. அதற்கு நிறுவனம் கொடுத்த லினக்ஸ் டிரைவரின் முக்கியப் பகுதிகள் தொகுத்து மூடிய நிரல், அதுவும் இன்டெல் வகைச் செயலிகளுக்கு மட்டும். பையில் அதைப் போட்டால் ஒரு வரி பிழைச் செய்தியோடு முடிந்துவிடும். ஆர்வலர்கள் அந்த மொழியை அலசி எழுதிய திறந்த மூல டிரைவர் ஒன்று இருக்கிறது. தொகுத்து நிறுவினால் பையிலும் அச்சு வரும், ஆனால் அது இன்னும் முற்றவில்லை. வாசலில் ஆள் வரிசையில் நிற்கும் கடைக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்டெல் பெட்டியிலும் கேப்ட் சமர்த்துப் பிள்ளை என்று சொல்ல முடியாது. 32 பிட் நூலகங்களைக் கேட்கும், பின்னணியில் ஓடும் சேவை சில சமயம் முறுக்கிக்கொள்ளும், மறுபடி எழுப்பிவிட வேண்டும். ஆனாலும் ஓடும். அதனால் மேசையில் கேனன் 2900 இருந்தால் போட்டி அங்கேயே முடிந்தது: மினி பிசி.

கருவாட்டு வியாபாரிக்கு வேண்டியது பில் அடிக்கும் சின்ன தெர்மல் பிரிண்டர். அதற்கு டிரைவர் என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். பில் பிரிண்டர்களின் பொதுமொழியான இஎஸ்சி/பிஓஎஸ் கட்டளைகளை நேராக யுஎஸ்பிக்கு அனுப்பினால் போதும், மூன்று பெட்டிகளும் சமம். தமிழில் பில் வேண்டுமென்றால் மட்டும் ஒரு சுற்றுவழி. இந்த வகைப் பிரிண்டர்களுக்குள் பொதுவாகத் தமிழ் எழுத்துரு கிடையாது, எழுத்தைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாளில் குறுக்கே 384 புள்ளிகள். அந்த அகலத்துக்குப் படம் வரைந்து அனுப்பினால் "நெத்திலி", "வாளை" எல்லாம் கொம்பும் காலும் பிசகாமல் வந்து விழும்.

அடுத்தது வைஃபை. ராஸ்பெரி பைக்குள் இருக்கும் சில்லுக்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தொந்தரவு இல்லை. ஆரஞ்சு பை ஜீரோ 3-இல் இருப்பது யூனிசாக் சில்லு. அதன் டிரைவர் கெர்னலுக்கு வெளியே கிடப்பதால், அதை ஒட்டுப்போட்டுச் சேர்த்த லினக்ஸ் படிமங்களில் (நிறுவல் கோப்புகளில்) மட்டும்தான் வைஃபை வரும். மினி பிசிக்குள் இன்டெல் வைஃபை அட்டை இருந்தால் கவலையே இல்லை. டெபியன் 12 முதல் நிறுவல் படிமத்தோடே ஃபர்ம்வேரும் வந்துவிடுகிறது. அட்டை இல்லாத பெட்டிக்கு யுஎஸ்பியில் சொருகும் வைஃபை டாங்கிள் வாங்குகிறோமே, வம்பு அங்கேதான். உறையில் வேகத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், சில்லின் பெயர் மட்டும் இருக்காது. ரியல்டெக் 8811சியு வகை டாங்கிள் சில, சொருகியதும் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று காட்டிக்கொள்ளும், உள்ளே விண்டோஸ் டிரைவர் வைத்திருப்பதற்காக. அந்தச் 'சிடி'யை வெளியே தள்ளினால்தான் வைஃபை தலை காட்டும். இதற்கான டிரைவர் 6.2 கெர்னலில்தான் உள்ளே வந்தது. பழைய கெர்னலில் வெளியிலிருந்து டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகத் தொகுத்துப் போட வேண்டும், கெர்னல் புதுப்பிக்கும் போதெல்லாம் அது மறுபடி தொகுபட வேண்டும், ஏதாவது ஒன்று குறைந்தால் மறுநாள் காலையில் கடையில் நெட் இருக்காது. மீடியாடெக் 7612யு சில்லுக்கு 4.19 கெர்னலிலிருந்தே டிரைவர் உள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் விலை கூடினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். எதுவும் கிடைக்காத நாளில் போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போட்டால் மூன்றிலும் உடனே நெட் வந்துவிடும்.

திரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இன்டெலுக்கும் ராஸ்பெரி பைக்கும் கிராபிக்ஸ் டிரைவர் திறந்த மூலம், நன்றாகப் பழுத்தது. ராக்சிப் 3588-க்குப் பான்தார் என்ற டிரைவர் கெர்னலுக்குள் வந்தது 2024-இல், 6.10 பதிப்பில். பில் போடவும் பிடிஎஃப் பார்க்கவும் இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கடிகாரம்தான் யாரும் கேட்காமல் விடும் விஷயம். பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் நின்ற நேரத்திலிருந்தே மறுபடி எண்ணத் தொடங்கும், நெட் வந்ததும் சரியாகிவிடும். காற்று அடித்து கரண்டும் டவரும் சேர்ந்து போகும் பாம்பனில் அந்த இடைவெளியில் அடிக்கும் பில்லில் நேரம் தப்பாக இருக்கும். டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகாரத் துண்டை நான்கு வயரில் இணைத்து, கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. பை 5-இல் கடிகாரம் பலகையிலேயே உண்டு, பேட்டரி மட்டும் வாங்கிச் சொருக வேண்டும். மினி பிசியில் பழைய பட்டன் பேட்டரியை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் உப்புக் காற்று. டிரைவர் கெட்டுவிட்டது என்று என்னிடம் வரும் சில பெட்டிகளில் கெர்னல் செய்திகளைப் பார்த்தால் "எரர் -71" என்று வரிசையாக ஓடும். அது டிரைவர் குற்றம் அல்ல, யுஎஸ்பி வயரிலோ முனையிலோ சிக்னல் தடுமாறுகிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் முனைக்குள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இந்தக் கணக்கில், விசிறி வைத்துக் காற்றை உள்ளே இழுக்கும் மினி பிசியைவிட விசிறி இல்லாத தின் கிளையன்ட் மேல். பையை வெறும் பலகையாக ஆணியில் தொங்கவிடாமல் மூடிய உறைக்குள் போடுங்கள்.

ஆதார் கைரேகைக் கருவி வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் கடைகள் அந்த வேலையை லினக்ஸுக்கு மாற்ற மெனக்கெட வேண்டாம், ஆண்ட்ராய்டு போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, கீழக்கரை ஜெராக்ஸ் கடைக் காக்காவுக்கு (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) நான் சொன்னது விசிறி இல்லாத பழைய இன்டெல் பெட்டி. அவரிடம் இருப்பது கேனன். பாம்பன் அண்ணனுக்கு பை 4, கூடவே கடிகாரத் துண்டு. பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு ஆரஞ்சு பை வாங்கிக் கொடுங்கள். சும்மா ஓடாது, ஓடவைப்பதற்குள் கெர்னல் எப்படி வேலை செய்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

பை வாங்கும் அண்ணன்மார் பெரிய அப்டேட்டை ஏப்ரல் 15-க்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, பில் அவசரமும் குறைவு. தொடங்குமுன் மெமரி கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகலெடுத்து வையுங்கள். புதுக் கெர்னல் பிரிண்டரோடு ஒத்துவரவில்லை என்றால் பழைய கார்டை மாட்டி அன்றைக்கே கடையைத் திறந்துவிடலாம்.