காசும் கட்டி வேலையும் செய்யணுமா? நேப்பாளம், நியூசிலாந்து, கடலடி: அக்கா மகளுக்காக போட்ட கணக்கு

என் அக்கா மக டிகிரி முடிச்சிட்டா. வேலைக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வெளிநாடு போகணுமாம், சும்மா ஊர் சுத்த இல்லையாம், வாலண்டியர் வேலையும் செய்யணும் மலையும் ஏறணும். மலேசியா பட்டர்வொர்த் வீட்டுல ஞாயிறு பசியாறும்போது போன்ல ஒரு பேக்கேஜ் காட்டினா, நாலு வாரம் நேப்பாளத்துல ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ், கடைசில எவரெஸ்ட் பேஸ் கேம்ப் ட்ரெக். அக்கா தோசைக்கரண்டியும் கையுமா வந்து விலைய எட்டிப் பாத்துட்டு, "ஏண்டி, வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல்ல நிக்கறோமே, நிக்கறதுக்கு யாராச்சும் நம்மகிட்ட காசு கேட்டாங்களா?"ன்னு கேட்டாங்க.

எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா 2016ல இதே மாதிரி ஒரு பேக்கேஜுக்கு காசு கட்டின ஆளு நான்.

பேக்கேஜ்ல நல்லதும் இருக்கு. ஏர்போர்ட்ல ஆள் வந்து நிப்பாங்க, தங்கற இடம், சாப்பாடு, கைடு எல்லாம் அவங்க பொறுப்பு, பெத்தவங்க நிம்மதியா தூங்கலாம். ஆனா வேலைன்னு பாத்தா? 2015 ஏப்ரல் பூகம்பத்துல கிட்டத்தட்ட 9,000 பேர் செத்துட்டாங்க, நம்மளால ஏதாச்சும் ஆகட்டும்னுதான் மறுவருஷம் கிளம்பினேன். ஒரு சின்ன ஸ்கூல்ல விட்டாங்க. முத நாள், உடம்பு பாகம் சொல்ற இங்கிலீஷ் பாட்டு ஒண்ண சொல்லிக் குடுக்கலாம்னு வாயத் தொறக்கறேன், பிள்ளைங்க மொத்தமா எந்திரிச்சு தலைல கைய வச்சிட்டாங்க. நான் ஒரு வரிய மாத்திப் பாடிட்டேன்னு முன் பெஞ்சு பொண்ணு திருத்தினா. மாசத்துக்கு ஒரு வாலண்டியர், எல்லாரும் அதே பாட்டு.

ட்ரெக் கதை இன்னும் மோசம். 3,000 மீட்டர் தாண்டிட்டா ராத்திரி படுக்கற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஒரு நாள் ரெஸ்ட் வேணும். எங்க பேக்கேஜ்ல நாளு பத்தலன்னு, 3,440 மீட்டர்ல இருக்கற நாம்சே பஜார்ல எடுக்க வேண்டிய ரெஸ்ட்ட வெட்டிட்டாங்க. டிங்போச்சேல, அது 4,410, நம்ம கினபாலு மலை உச்சியவிட உசரம், தலை பொளக்குது, ராத்திரி பூரா வாந்தி. விடிஞ்சதும் கைடு என் பேக்கையும் சேர்த்து அவரே மாட்டிக்கிட்டு கீழ இறக்கிட்டார். 5,364 மீட்டர் பேஸ் கேம்ப்ப இன்னிக்கு வரைக்கும் போட்டோலதான் பாத்திருக்கேன்.

பேக்கேஜ்காரங்க நிறைய பேர் சொல்லாத சங்கதி விசா. நேப்பாள டூரிஸ்ட் விசா 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. அத வச்சு சுத்திப் பாக்கலாம், சம்பளம் வாங்காத வாலண்டியர் வேலைகூட சட்டப்படி செய்யக்கூடாது. அப்புறம் அனாதை இல்லம்னு போட்டிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க, நேப்பாளம் கம்போடியா ரெண்டு இடத்துலயும் அங்க இருக்கற பிள்ளைங்க பெரும்பாலானவங்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்க, வெளிநாட்டுக் காசு வருதேன்னு ஏழை வீட்டுப் பிள்ளைய கூட்டிட்டு வந்து வைக்கறதும் நடக்குது.

எங்க பிளாட் ஜாகா, அதாவது காவல்காரர், நேப்பாளக்காரர்தான். போன வாரம் கேட் பக்கத்துல நின்னு கேட்டேன், உங்க ஊருக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க இங்கேர்ந்து ஒரு பொண்ணு வந்தா நல்லதான்னு. "டீச்சர் இருக்காங்க அண்ணே, அவங்களுக்கு சம்பளம்தான் ஒழுங்கா வராது"ன்னார்.

அடுத்தது நியூசிலாந்து. மலேசியாக்காரங்களுக்கு 18லேருந்து 30 வயசுக்குள்ள ஒர்க்கிங் ஹாலிடே விசா இருக்கு, ஆறு மாசம் தங்கலாம், வருஷத்துக்கு 1,150 இடம்தான், தொறக்கற அன்னிக்கே உக்காந்து பிடிக்கணும். இந்த விசால சட்டப்படி வேலை செய்யலாம், கிவி பழத் தோட்டத்துல பறிக்கப் போனாலும் குறைஞ்சபட்ச சம்பளம், 2025 ஏப்ரல்ல ஒரு மணி நேரத்துக்கு 23.50 நியூசிலாந்து டாலர், நம்ம காசுக்கு 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல. காசு கட்டிட்டு வேலை செய்யறதுக்கும் காசு வாங்கிட்டு வேலை செய்யறதுக்கும் உள்ள வித்தியாசத்த அக்காவுக்கு நான் விளக்க வேண்டிய அவசியமே இல்ல.

சரி, சேவை எங்கன்னு கேப்பீங்க. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு வூஃப் (WWOOF)ன்ற அமைப்பு, 1971ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது, இயற்கை விவசாயப் பண்ணைல நாளைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் வேலை, பதிலுக்கு சோறும் படுக்கையும். நியூசிலாந்து சட்டத்துல இதுவும் வேலைதான், சோறும் படுக்கையும் கூலி மாதிரி, அதனால டூரிஸ்ட் விசால போய் செஞ்சா மாட்டிக்குவீங்க. இன்னொண்ணுதான் எனக்குப் பிடிச்சது. அந்த நாட்டுல வௌவால தவிர சொந்தமா தரைப் பாலூட்டி எதுவும் கிடையாது, அதனால கிவி மாதிரி பறக்கத் தெரியாத பறவைங்க பயமில்லாம தரைல வாழ்ந்துச்சு, மனுஷன் எலி, ஸ்டோட் (கீரி மாதிரி ஒண்ணு), பாஸம் (மரமேறற ஒரு விலங்கு) எல்லாத்தையும் கொண்டு வந்து விட்டான், முட்டையும் குஞ்சும் காலி. 2050க்குள்ள அதுங்கள ஒழிக்கணும்னு 2016ல அரசாங்கம் அறிவிச்சது. இப்ப வாலண்டியருங்க காட்டுக்குள்ள வரிசையா வச்ச பொறிப்பெட்டிய ஒவ்வொண்ணா நடந்து போய் தொறந்து, செத்ததத் தூக்கிப் போட்டு, இரை மாத்தி, எழுதி வச்சிட்டு வர்றாங்க. சேறு, ஏத்தம், ஆத்தக் கடக்கறது எல்லாம் அந்த வேலைக்குள்ளயே வந்துடுது, தனியா அட்வெஞ்சர் பேக்கேஜ் எதுக்கு? நீ போகலன்னா அந்தப் பெட்டி சும்மா கிடக்கும், அதுதான் வித்தியாசம். லீவு நாள்ல நடக்கணும்னா இயற்கைப் பாதுகாப்புத் துறையோட மலைக் குடிசைங்க நாடு முழுக்க 900க்கு மேல இருக்கு.

கஷ்டம் இல்லாம இல்ல. பண்ணை ஓனர் எப்படி அமைவாங்கன்றது அதிர்ஷ்டம், பஸ் வராத இடம், மழை, கடிச்சு உயிர வாங்கற மணல்பூச்சி, ரசத்துக்கு நாக்கு ஏங்கும். ஏர்போர்ட்ல யாரும் பேர் எழுதின அட்டையோட நிக்க மாட்டாங்க.

மூணாவது, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் பவளப்பாறைய கணக்கெடுக்கற டைவிங் ப்ரோக்ராம். இதுவும் காசு கட்டறதுதான், ஆனா கைல ஒரு தொழில் மிஞ்சுது. ஓபன் வாட்டர்ன்ற முதல் கட்ட டைவிங் சர்டிபிகேட்ல 18 மீட்டர் வரைக்கும் இறங்கலாம், மீன் இனம் அடையாளம் கண்டு எண்ணப் பழகணும், ரெண்டு வாரத்துல அதெல்லாம் படியாது, ரெண்டு மாசம் இருந்தாத்தான் உன் கணக்கு யாருக்காச்சும் உபயோகப்படும். பல நாள் டைவ் அடிச்சா பிளேன் ஏற குறைஞ்சது 18 மணி நேரம் காத்திருக்கணும். கடல் வேலை ஒத்து வருதான்னு பாக்க முதல்ல ரெடாங் தீவு போகலாம், சாகார் ஹூத்தாங் கடற்கரைல திரெங்கானு பல்கலைக்கழகத்து ஆமைத் திட்டம் 1993லேருந்து நடக்குது, வாலண்டியர் எடுக்கறாங்க. கட்டணம் உண்டு, ஆனா ராத்திரி முழிச்சு ஆமைக்கு காவல் இருக்க நிஜமாவே ஆள் வேணும்.

அதனால நான் சொன்னது, நியூசிலாந்து முதல்ல, ஆறு மாசம். அங்க சம்பாதிச்சதுல திரும்பற வழியில நேப்பாளம், ஆனா ட்ரெக்கிங் மட்டும், டூரிஸ்டாவே போ. 2023 ஏப்ரல்லேருந்து பெரும்பாலான ட்ரெக் வழிக்கு லைசென்ஸ் கைடு கட்டாயம்னு விதி, அந்த ஊர்க்காரர நேரா பிடிச்சு அவருக்கு நல்ல கூலி குடு, ரெஸ்ட் நாள வெட்டாத, இன்சூரன்ஸ்ல எத்தன மீட்டர் வரைக்கும், ஹெலிகாப்டர் உண்டான்னு படிச்சுப் பாரு. டைவிங்க விட்டுடு, காசு மிஞ்சினா பாக்கலாம்.

அவளுக்கு முகம் கொஞ்சம் வாடிருச்சு, "பொறிப்பெட்டில செத்த எலி எடுக்கறத எப்படி மாமா இன்ஸ்டாகிராம்ல போடறது"ன்னா. அக்கா மட்டும் ஓகே சொல்லிட்டாங்க, ஒரே கண்டிஷன், வர்ற சனிக்கிழமை காலைல தாவரவியல் பூங்காவுலேருந்து ஜீப் ரோடு வழியா பினாங்கு கொடிமலை உச்சிக்கு, 833 மீட்டர், முதுகுல பத்து கிலோ அரிசியோட அவ ஏறணுமாம். நானும் கூட போகணுமாம். என் பேக்குல அஞ்சு கிலோதான்னு இப்பவே சொல்லி வச்சிருக்கேன்.