கண்ணாடிக் கத்தியா, உருக்குக் கத்தியா?

தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் அப்பா மாலையில் லயத்து வாசலில் குந்திக் கத்தியைத் தீட்டுவார். மழுங்கிய கத்தி தேயிலைக் கிளையைப் பிளந்துவிடும், பிளந்த இடத்திலிருந்து அழுகல் இறங்கும், சரிவாக ஒரே வீச்சில் விழுந்த வெட்டுத்தான் சீக்கிரம் மூடும் என்பார். தோலுக்கும் இதே கணக்கா என்ற ஆசையோடுதான் எரிமலைக் கண்ணாடியில் செய்த சத்திரசிகிச்சைக் கத்திகளைப் பற்றிப் படித்தேன்.

கூர்மையில் உருக்கு கிட்டவும் வராது. அப்சிடியன் என்பது எரிமலைக் குழம்பு படிகமாவதற்குள் சட்டென இறுகிய கண்ணாடி. உள்ளே படிக மணிகள் இல்லாததால், இடமறிந்து தட்டினால் சிப்பி வளைவாகப் பிளக்கும்; விளிம்பு சுமார் 3 நானோமீற்றர், அதாவது மில்லிமீற்றரின் பத்து லட்சத்தில் மூன்று பங்கு, வரை மெலியும். தீட்டவே வேண்டாம், உடையும்போதே கூர் பிறந்துவிடுகிறது. தீட்டிய உருக்கின் விளிம்போ, மிகப் பெரிதாக்கிப் பார்த்தால் மரம் அறுக்கும் வாளின் பற்களைப் போலத் தெரியும். அமெரிக்கக் கற்கருவி வல்லுநர் டொன் கிராப்ட்ரீ, 1970களில் தாம் அப்சிடியனிலிருந்து உடைத்தெடுத்த கத்தி அலகுகளாலேயே தமக்குச் சத்திரசிகிச்சை செய்வித்துக்கொண்டார். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன்.

ஆனால் காயம் ஆறுவதில் இரண்டுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. 1993இல் வெளியான ஆய்வொன்றில் 40 எலிகளின் தோலை இரண்டு வகைக் கத்திகளாலும் கீறிப் பார்த்தார்கள். 7, 10, 14ஆம் நாள்களில் கண்ணாடி வெட்டின் தழும்பு ஒடுக்கமாக இருந்தது. 21ஆம் நாளில் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆறிய தோலின் உறுதியிலும் வேறுபாடில்லை.

கண்ணாடியின் பெரிய குறை நொறுங்குவது. நேராக இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும்; பக்கவாட்டில் சிறிது திருகினால் விளிம்பு உதிரும், துணுக்கு காயத்துக்குள் தங்கிவிடலாம். சதைக்குள் கத்தியைத் திருப்பாமல் எந்த வைத்தியரால் வேலை செய்ய முடியும்? போதாததற்கு, கையால் உடைப்பதால் ஓர் அலகு போல இன்னொன்று அமையாது. அமெரிக்காவில் மனிதர்மீது பயன்படுத்த இதற்கு ஒப்புதலும் இல்லை. கண் சத்திரசிகிச்சைக்கு வைரக் கத்தி உண்டு. அதன் விலை வேறு உலகம்.

நம் இலங்கை மலையகத்திலோ எரிமலையே இல்லை. பண்டாரவளைப் பக்கம் கிடைத்த ஆதிமனிதரின் சிறு கற்கருவிகள்கூடப் பெரும்பாலும் குவார்ட்ஸ் கல்லில் செய்தவைதான். அப்சிடியன் கப்பலேறி வரவேண்டும். உருக்கு அலகோ கிருமி நீக்கிய உறையில் வருகிறது: 3ஆம் இலக்கப் பிடியில் 10, 11, 15ஆம் இலக்க அலகுகளில் எதையும் மாட்டலாம், முடிந்ததும் கழற்றி எறியலாம். எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு நான் கேட்பது இதைத்தான், தட்டுப்பாடில்லாமல்.

அப்பாவின் உள்ளங்கையில் ஒருமுறை சீழ்க்கட்டி வந்தது. விறைப்பூசி போட்டு, தாதி உறையைக் கிழித்து நீட்டிய கூர்முனை 11ஆம் இலக்க அலகை வைத்தியர் ஒரே குத்தாக இறக்கினார். சீழ் வடிந்ததும் அப்பா விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தார். மடங்கின.