சினைப்பை நீர்க்கட்டி: ஆபரேஷனா, காத்திருப்பதா?

மாதவிடாய் முழுதாக நின்ற பிறகு, நாகர்கோவிலில் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் என் இடது சினைப்பையில் நீர்க்கட்டி தெரிந்தது. "அந்தப் பை இனி எதுக்கு மக்ளே, எடுத்துப் போடு" என்றாள் அம்மை. நான் எடுக்கவில்லை. டாக்டரிடம் பேசி, காத்திருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

ஆபரேஷனில் கட்டி போய்விடும், அது என்ன கட்டி என்றும் உறுதியாகும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு சினைப்பைகளையும் கருக்குழாயோடு எடுத்துவிடுவார்கள். இன்னும் நிற்காதவர்கள் இதற்கு நன்றாக யோசிக்க வேண்டும். இரண்டையும் எடுத்தால் மாதவிடாய் ஒரேயடியாக நின்று, உடல் சூடும் வியர்வையும் மொத்தமாக வரும். எலும்பும் சீக்கிரம் பலவீனமாகும்.

எனக்கு முடிவைச் சொன்னது ஸ்கேன் ரிப்போர்ட்தான். ஒரே அறை, மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர் மட்டும், 3.8 செ.மீ. மாதவிடாய் நின்றவருக்கு இப்படிப்பட்ட கட்டி ஒரு பக்கம் மட்டும், 5 செ.மீ.க்குள், வலியில்லாமல் இருந்து, ரத்தத்தில் சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதம்) அளவும் 35-க்குள் இருந்தால், 4 முதல் 6 மாதத்தில் மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும் என்கிறது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி வழிகாட்டி. ஒரு வருடம் வளராமலோ சுருங்கியோ இருந்தால் அதன்பின் ஸ்கேனும் தேவையில்லை. மாதவிடாய் நிற்காதவர்கள் சிஏ-125 எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். கர்ப்பப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்றது வெளியே வளர்வது), ஏன், மாதவிடாய் நாட்களில்கூட அது ஏறும்.

காத்திருப்பதில் உள்ள ஒரே பாடு, அந்த ஸ்கேனை விடாமல் எடுப்பது. கோயில் கொடை, கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை என்று தள்ளிப்போட ஆயிரம் காரணம் வரும். தள்ளிப்போடுவோம் என்று தோன்றினால் ஆபரேஷனே மேல். முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோய், அளவை மட்டுமல்ல, சுவரும் உள்ளிருப்பதும் மாறியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஆபரேஷன் அனுபவம் எனக்கு இல்லை. தக்கலை மைனியிடம் கேட்டதுதான். அவருக்குக் கட்டியில் பல அறைகள், உள்ளே திடமான பகுதியும் இருந்தது. அப்படி இருந்தால் காத்திருக்கும் பேச்சே இல்லை. சிஏ-125-உம் கூடியிருந்தால் புற்றுநோய் அறுவை செய்பவரிடமே போக வேண்டும். நமக்குத் திருவனந்தபுரம் ஆர்சிசி (மண்டலப் புற்றுநோய் மையம்) பக்கம்தான்.

என்னைப் போலக் காத்திருப்பவர்கள், திடீரென அடிவயிற்றில் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் அடுத்த ஸ்கேன் தேதியைப் பார்க்காதீர்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்த நேரமே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போய்விடுங்கள்.