திரும்பவும் எஞ்சினைப் போர் அடிப்பதா (சிலிண்டரைக் கடைந்து புதுப்பிப்பதா), கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பாவித்த எஞ்சின் வாங்குவதா?

வீட்டு முற்றத்தில் நிற்கும் எங்கள் டொல்பின் வானின் டீசல் எஞ்சின், போர் அடித்து ஆறு மாதத்திலேயே தட்டும் சத்தம் போடத் தொடங்கியது. எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் சம்பைக் கழற்றினால் அடியில் பேரிங் தூள் வெள்ளியாய் மினுங்குகிறது.

அதையே மறுபடி செய்தால் எஞ்சின் நம்பர் மாறாது, பதிவுப் புத்தகத்தால் தலையிடி இல்லை. ஆனால் கிராங்கை (பேரிங்கில் சுழலும் தண்டை) ஏற்கனவே கிரைண்ட் பண்ணியாயிற்று, இன்னொரு முறைக்கு இடமிருக்கிறதா என்று மைக்ரோமீட்டரால் அளக்காமல் காசைக் கொட்டக் கூடாது, அதோடு ஒயில் கூலரையும் ஒயில் வழிகளையும் தூள் போகக் கழுவாவிட்டால் புதுப் பேரிங்குக்கும் அதே கதிதான்.

பஞ்சிகாவத்தையில் பாவித்த ஜப்பான் எஞ்சின் வாங்குவது என்றால் செயின் புளொக்கில் (சங்கிலிக் கப்பியில்) தூக்கி, வீட்டிலேயே மாட்டிவிடலாம். ஒயில் மூடியைத் திறந்து கசடு பாருங்கள், கம்பிரஷனை (சிலிண்டரின் அமுக்க அழுத்தத்தை) அளந்து காட்டச் சொல்லுங்கள். நம்பர் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அதனால் சுங்கப் பத்திரமும் பில்லும் இல்லாமல் முற்பணம் வேண்டாம். சரி, நான் இந்த ஜப்பான் எஞ்சினைத்தான் எடுக்கிறேன்.