ஒரு கண்ணுக்கு எவ்வளவு? பெரியாஸ்பத்திரிக் கணக்கும் தனியார் பில்லும்

யாழ்ப்பாணத்தில் கண்புரை ஒப்பரேசனைப் பற்றிக் கதை வந்தால் ஒருவர் "பெரியாஸ்பத்திரியில சும்மா செய்யலாம்" என்பார். பக்கத்தில் இருப்பவர் "சும்மா எண்டு போனா வருசம் போயிடும், தனியாரில செய்யுங்கோ" என்பார். காசு எங்கே, எதற்குப் போகிறது என்று இரண்டு பேரும் சொல்வதில்லை. இந்த மதிப்பீடு அதைப் பற்றியது. கண்புரையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: அநேகமாக எல்லா வீட்டிலும் ஒருவருக்கு வரும், அவசரம் இல்லை, ஆறுதலாக யோசித்துத் தெரிவு செய்யக்கூடிய சத்திரசிகிச்சை.

முதலில் அரசாங்கப் பக்கம். இலங்கையில் அரச ஆஸ்பத்திரிக் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. பெரியாஸ்பத்திரி என்கிற யாழ் போதனா வைத்தியசாலையிலோ மந்திகையில் இருக்கிற பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலோ டொக்டருக்கும் கட்டிலுக்கும் தியேட்டருக்கும் பில் வராது. அது உண்மை. ஆனால் பில் இல்லாத செலவு மூன்று இடத்தில் வரும்.

ஒன்று, நடை. கடிதத்தோடு போய்க் கண் கிளினிக்கில் கொப்பி போட ஒரு நாள். கண்ணை அளக்க இன்னொரு நாள். இரத்தச் சீனி, பிரஷர், ஈ.சி.ஜி பார்த்து முடிவுகளைக் காட்ட மற்றொரு நாள். பிறகு ஒப்பரேசன், அடுத்த நாள் கட்டு அவிழ்ப்பு, ஒரு கிழமையில் ஒரு தரம், நாலைந்து கிழமையில் கண்ணாடிக்கு ஒரு தரம். குறைத்துப் பார்த்தாலும் ஏழு நடை. கிளினிக்கில் கண்மணியை விரிக்கத் துளிமருந்து விட்டால் நாலு முதல் ஆறு மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். வந்தவர் தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு நடைக்கும் இரண்டு பேருடைய போக்குவரத்தும், கூட வருபவரின் ஒரு நாள் கூலியும். நெடுந்தீவில் இருந்து வருபவருக்குக் கதையே வேறு. குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பஸ். வெள்ளன நம்பர் எடுக்க வேண்டுமென்றால் முதல் நாளே வந்து யாழ்ப்பாணத்தில் தங்க வேண்டும். இந்த ஆளுக்கு "இலவசம்" என்ற சொல்லின் விலை நல்லூரில் இருப்பவரை விடப் பல மடங்கு.

இரண்டாவது, வெளியில் எழுதித் தரும் துண்டு. மருந்தோ பரிசோதனைப் பொருளோ கையிருப்பில் இல்லாத காலத்தில் அரச ஆஸ்பத்திரிகளில் "இதை வெளியில வாங்குங்கோ" என்று துண்டு வரும். 2022 பொருளாதார நெருக்கடியோடு நாடு முழுக்க இது கூடியது. துண்டு கிடைத்ததும் வாசலில் இருக்கிற முதல் பார்மசிக்குள் நுழையாமல் அரசாங்கத்தின் ஒசுசலவில் விலை கேளுங்கள். துண்டில் மருந்தின் மூலப்பெயர் எழுதியிருந்தால் மலிவான கம்பனியின் மருந்தைக் கேட்டு வாங்கலாம். வர்த்தகப் பெயர் மட்டும் இருந்தால் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லி தாதி மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மூன்றாவது, லென்ஸ். காசு உண்மையில் இங்கேதான் கிடக்கிறது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டு வைக்கிற செயற்கை லென்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்தால் அதையே வைப்பார்கள், காசு இல்லை. இல்லாவிட்டால் வாங்கி வரச் சொல்லுவார்கள். அப்படிச் சொன்னால் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: எத்தனை டயொப்டர் (லென்ஸின் பவர் எண்), மடியும் லென்ஸா மடியாததா, எந்தக் கண். டயொப்டர் எண் அநேகருக்கு இருபதை அண்டித்தான் வரும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்களுக்குச் சரிவராது. வாங்கிய பெட்டியின் முத்திரையை வீட்டில் உடைத்துப் பார்க்க வேண்டாம், கிருமிநீக்கம் போய்விடும். காலாவதித் திகதியைப் பெட்டிக்கு வெளியிலேயே பார்க்கலாம். இந்த லென்ஸ்களுக்கும் இதயக் குழாய் ஸ்டென்டுகளுக்கும் அரசு வர்த்தமானி மூலம் உச்ச விலை நிர்ணயித்தது. அந்தக் கட்டுப்பாடு பொருளின் விலைக்கு மட்டுமே. தியேட்டர் கட்டணத்தையோ டொக்டரின் கட்டணத்தையோ அது தொடாது என்பதை மறக்க வேண்டாம்.

இனித் தனியார். முதல் படி சனலிங், அதாவது காசு கட்டி நிபுணரைப் பார்க்க நம்பர் பதிவது. அந்த ரசீதிலேயே இரண்டு வரி இருக்கும்: டொக்டரின் கட்டணம், ஆஸ்பத்திரியின் கட்டணம். இணையத்தில் பதிந்தால் மூன்றாவதாக ஒரு சேவைக் கட்டணம். ஒப்பரேசனுக்கு வந்தால் "ஒரு கண்ணுக்கு இவ்வளவு" என்று ஒரு பக்கேஜ் தொகை சொல்வார்கள். இப்போதைய விலைவாசியில் மடியும் லென்ஸோடு அது ஆறு இலக்கத்தில்தான் நிற்கும். தொகையைக் கேட்டு ஆச்சரியப்படுவதை விட்டு, அந்தத் தொகைக்குள் என்ன அடங்கும் என்று வரி வரியாகக் கேளுங்கள். சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணம், தியேட்டர், லென்ஸ், மயக்க மருந்து டொக்டர், அறை, முன்பரிசோதனை, பிறகு விடுகிற துளிமருந்து, முதல் இரண்டு மூன்று மீள்பார்வை (டொக்டரிடம் திரும்பக் காட்டுவது). இதில் எது வெளியே நிற்கிறது என்று எழுதி வாங்குங்கள். அநேகமாக வெளியே நிற்பவை துளிமருந்தும் மீள்பார்வையும். துளிமருந்து நாலு முதல் ஆறு கிழமைக்குப் படிப்படியாகக் குறைத்து விட வேண்டியது. ஒரு போத்தலோடு முடியாது.

மயக்க மருந்து வரியைத் தனியாகக் கேட்க வேண்டும். கண்புரைக்கு அநேகமாக முழு மயக்கம் கொடுப்பதில்லை. துளிமருந்தாலோ கண்ணைச் சுற்றிய ஊசியாலோ விறைக்க வைப்பார்கள். மயக்க மருந்து டொக்டர் பக்கத்தில் நின்று பிரஷரும் நாடியும் பார்ப்பது வயதானவருக்கு நல்லதுதான், அதற்குக் கட்டணம் வருவதும் நியாயம். நிற்காத ஆளுக்குப் பில்லில் வரி வந்தால் கேள்வி கேட்கலாம். அறையும் அப்படியே. காலமை போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வரக்கூடிய சத்திரசிகிச்சைக்கு ஓர் இரவு அறை எதற்கு என்று கேட்டால் சில நேரம் அந்த வரி காணாமல் போகும். விடுகைக்கு முன் பில்லில் உள்ள பஞ்சு, ஊசி, கையுறை எண்ணிக்கையைப் பாருங்கள். உடைக்காத பெட்டிகளைப் பார்மசிக்குத் திருப்பிக் கழிக்கச் சொல்லலாம்.

லென்ஸ் தெரிவில்தான் தனியார் பக்கம் விலை சட்டென்று ஏறும். ஒற்றைக்குவிய லென்ஸ் அடிப்படை. தூரம் தெளியும், பேப்பர் வாசிக்கக் கண்ணாடி வேண்டும். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைப் பிழை) கூட உள்ளவருக்கு டோரிக். தூரமும் கிட்டவும் கண்ணாடி இல்லாமல் என்று சொல்லி விற்பது பல்குவியம். விலை பல மடங்கு. எங்கள் அபிப்பிராயம் வெளிப்படையானது: நீரிழிவால் விழித்திரை பழுதான கண்ணுக்கும், குளுக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ள கண்ணுக்கும், இரவில் வாகனம் ஓட்டுபவருக்கும் பல்குவியம் வீண் செலவு. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்ற முறைப்பாடு அதிலிருந்துதான் கூடுதலாக வரும். எழுபது வயதுக்குமேல் கோயிலுக்குப் போய்வந்து பேப்பர் பார்க்கிற ஒருவருக்கு நல்ல ஒற்றைக்குவியமும் ஒரு வாசிப்புக் கண்ணாடியும் தாராளம்.

தரத்தில் வித்தியாசம் உண்டா? கை ஒன்றுதான். அரச ஆஸ்பத்திரியில் பகலில் வேலை செய்கிற நிபுணர்கள் கடமை முடிந்த பிறகு தனியாரில் பார்ப்பது வழமை. தனியாரில் இன்ன டொக்டர்தான் செய்வார் என்று உறுதியாகச் சொல்லலாம். போதனா வைத்தியசாலையில் நிபுணரின் மேற்பார்வையில் பயிற்சி பெறும் டொக்டரும் செய்யக்கூடும். முறையில்தான் வித்தியாசம் வரும். ஃபேக்கோ (புரையை ஒலி அலையால் உடைத்து உறிஞ்சுகிற முறை) என்றால் மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த கீறல், மடியும் லென்ஸ். சின்னக் கீறல் கைமுறை என்றால் ஆறு ஏழு மில்லிமீற்றர், அதற்கும் அநேகமாகத் தையல் தேவைப்படாது. பழுத்துக் கறுத்த புரைக்குக் கைமுறையே பாதுகாப்பானது என்று டொக்டர் சொன்னால் அது மலிவுக்காகச் சொல்வதல்ல. ஃபேக்கோவில் கண் விரைவாகத் தெளியும், சிலிண்டர் பவர் குறைவாக வரும். அவ்வளவுதான்.

இரண்டு இடத்திலும் பிழைக்கக்கூடியது அளவெடுப்பு. கண்ணின் நீளத்தை ஒரு மில்லிமீற்றர் பிழையாக அளந்தால் லென்ஸ் இரண்டரை முதல் மூன்று டயொப்டர் பிழைக்கும். ஒப்பரேசன் அச்சொட்டாக நடந்தாலும் ஆள் தடித்த கண்ணாடியோடுதான் திரும்புவார். விழியைத் தொட்டு அளக்கிற ஏ ஸ்கானில் கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே கண் குறுகி அளவு பிழைக்கும். ஆகவே இரண்டு கண்ணையும் அளந்து ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் திரும்ப அளக்கக் கேளுங்கள். அந்த அச்சுத் துண்டை வாங்கி வைத்தால், தனியாரில் அளந்து அரசாங்கத்தில் செய்வதற்கும் உதவும். பலர் போகிற வழி அதுதான். ஒரு தரம் சனல் பண்ணி, கடிதமும் அளவும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறார்கள். ஒன்றிரண்டு நடை குறையும். நாள் கிடைக்கிற வரிசை இதனால் குறுகாது, அதையும் சொல்ல வேண்டும்.

டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை இரண்டு. ஆண்களின் புரஸ்டேட்டுக்குப் போடுகிற டாம்சுலோசின் குளிசை, கண்மணியைச் சுற்றியுள்ள கதிராளியைத் தொய்ய வைக்கும். நிறுத்தினாலும் அந்தத் தொய்வு போகாது, ஆனால் முன்கூட்டித் தெரிந்தால் ஆயத்தமாக இருப்பார்கள். இரத்தம் இளக்குகிற குளிசை குடிப்பவர் தானாக நிறுத்தக் கூடாது.

எப்போது தனியாருக்குக் காசு கொடுக்கலாம்? வேலைக்குப் போகிறவர், பார்வை இல்லாமல் சம்பளம் போகும் என்றால் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருந்து பிள்ளை மூன்று கிழமை லீவில் வந்து நிற்கும்போது செய்ய வேண்டுமென்றால் கொடுக்கலாம். "அங்க செய்தா நல்லாச் செய்வினம்" என்ற காரணம் மட்டும் என்றால் நாங்கள் கொடுக்கச் சொல்ல மாட்டோம். காசை வட்டிக்கு எடுத்துச் செய்வது இன்னும் மோசம். அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. அதற்கு மூல பில்லும் நோய் நிர்ணய அட்டையும் வேண்டும். இதய பைபாஸ், சிறுநீரக மாற்று போன்ற பெரிய சத்திரசிகிச்சைக்கு ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம், ஒப்பரேசனுக்கு முதலே போய்க் கேளுங்கள்.

பக்கேஜில் ஒருபோதும் எழுதாத வரி ஒன்று இருக்கிறது. ஒப்பரேசனின்போது லென்ஸை ஏந்தும் உறை கிழிந்தால் கண்ணுக்குள் இருக்கிற களியை வெட்டி எடுக்க வேண்டிவரும், வேறு வகை லென்ஸ் வேண்டும், சில நேரம் விழித்திரை நிபுணரிடம் அனுப்புவார்கள். அப்படி நடந்தால் மேலதிகச் செலவு யாருடையது, எங்கே அனுப்புவீர்கள் என்று முதலே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அதேபோல் சில மாதமோ வருடமோ கழித்து உறை மங்கினால் யாக் லேசர் அடிக்க வேண்டிவரும். அது புதிய பில்.

வீட்டுக்கு வந்த முதல் கிழமையில் நோ குறையாமல் கூடினாலோ, தெளிந்த பார்வை திரும்ப மங்கினாலோ, கண் சிவந்து பூளை தள்ளினாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். நாளைய சனல் நம்பருக்குக் காத்திருக்கக் கூடாது. ராத்திரி என்றாலும் நேரே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, விடுகை அட்டையையும் லென்ஸ் பெட்டியின் ஸ்டிக்கரையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். தனியாரில் செய்தது என்று சொல்லத் தயங்க வேண்டாம்.