மாநாட்டுக்கு எந்த இடம்? சென்னையில் நான்கு இடங்கள், ஓர் அலசல்

சென்னையில் இருநூறு பேருக்கு ஒரு நாள் மாநாடு என்றதும் கைக்கு வரும் பட்டியலில் பெரும்பாலும் ஹோட்டல் பெயர்கள்தான் இருக்கும். ஜன்னல் இல்லாத ஹால், கம்பளம் விரித்த தரை, வெள்ளை உறை போட்ட நாற்காலிகள். வெளியூரிலிருந்து வந்தவர் தான் இருப்பது சென்னையா ஹைதராபாத்தா என்று தெரியாமலே மாலை விமானம் ஏறிவிடுவார். இந்த ஊரிலேயே இதைவிட நல்ல இடங்கள் உண்டு. ஆனால் எல்லா இடமும் எல்லாக் கூட்டத்துக்கும் பொருந்தாது.

நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். வருகிறவர்கள் உட்கார்ந்து கேட்கப் போகிறார்களா, தங்களுக்குள் பேசிக்கொள்ளப் போகிறார்களா?

கேட்கும் கூட்டம் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் மியூசியம் தியேட்டர் என் முதல் தேர்வு. பாந்தியன் சாலையில் சிவப்புக் கட்டடங்களுக்கு நடுவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. அதே வளாகத்தில்தான் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1896இல் திறந்த கன்னிமரா நூலகமும் இருக்கிறது. அரங்கத்தில் இருக்கைகள் மேடையை வளைத்துச் சரிந்து இறங்குவதால், பேசுகிறவரும் கேட்கிறவரும் நெருங்கிவிடுகிறார்கள். மைக் இருந்தாலும் குரலை உயர்த்தத் தோன்றாது. ஓர் அறிஞரின் உரை, நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா, விருது வழங்கல் போன்றவற்றுக்கு இந்த அரங்கமே பாதி மரியாதையைத் தந்துவிடும்.

சிரமங்களும் உண்டு. குழுக்களாகப் பிரிந்து பேச இங்கே வசதி போதாது. பாரம்பரியக் கட்டடம் என்பதால் சுவரில் ஆணி அடிப்பது, பெரிய பேனர் கட்டுவது பற்றியெல்லாம் நினைக்கவே வேண்டாம். வளாகத்துக்குள் சாப்பாட்டுக்கு எங்கே, என்ன அனுமதி என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: ஊருக்கு நடுவில் இருப்பதால், மதியச் சாப்பாடு முடிந்ததும் "ஆபீஸ் வரை போய்விட்டு வருகிறேன்" என்று கிளம்புகிறவர்கள் திரும்ப மாட்டார்கள். அரை நாள் நிகழ்ச்சியாக வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பேசும் கூட்டம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுக்குப் போங்கள். அங்கே 1996இல் திறந்த தட்சிணசித்ரா என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது; வளாகம் பத்து ஏக்கர். வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கருக்குப் பங்கு உண்டு. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னாட்டின் பழைய வீடுகளை ஓடு, தூண், கதவு எனப் பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கருத்தரங்குக்கு அரங்கமும் இருக்கிறது, தங்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் நான் இந்த இடத்தைச் சொல்வதற்குக் காரணம் திண்ணைகள். ஹாலில் வட்ட மேசை போட்டு "கலந்துரையாடுங்கள்" என்றால் எல்லோரும் போனைப் பார்ப்பார்கள். அனுமதி வாங்கி, பத்துப் பேரைச் செட்டிநாட்டு வீட்டுப் பக்கம் உட்கார வையுங்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணும் இருபது வருட மேலாளரும், "எங்க பாட்டி வீட்டுல இதே மாதிரி தூண்" என்று தொடங்கிவிடுவார்கள். அந்தப் பேச்சு தானாக வேலைக்கு வந்து சேரும். நகரத்திலிருந்து தள்ளி இருப்பதால் நடுவில் யாரும் நழுவவும் முடியாது.

அதே தூரம் குறையும்தான். காலை ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டுமானால் பஸ்கள் ஏழரைக்காவது கிளம்ப வேண்டும். அம்பத்தூரிலிருந்து வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மே மாதம் கத்திரி வெயில். திறந்தவெளியை நம்பித் திட்டம் போட்டால் இரண்டுமே கெடுக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மூன்றாவது, கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா. 2012இல் திறந்த, 600 அறைகள் கொண்ட ஹோட்டல். சோழர் கோயில்களின் சாயலில் தூண்களும் சிற்ப வேலைகளும் இருப்பதால், ஹோட்டல்களில் இது கொஞ்சம் தனி முகம் உள்ளது. வெளிநாட்டிலிருந்து நூறு பேர் வந்து தங்கி, இரண்டு நாள் ஒரே கூரைக்குள் எல்லாம் நடக்க வேண்டும் என்றால் இங்கேயே வையுங்கள். விமான நிலையமும் பக்கம். பட்ஜெட்தான் கேள்வி. பொதுவாக ஹோட்டல்களில் ஹால் வாடகையைவிட பிளேட் கணக்குதான் பணத்தைத் தின்னும். குறைந்தபட்சம் இத்தனை பிளேட் என்று ஒப்புக்கொண்டால், ஆள் வராவிட்டாலும் கட்ட வேண்டும். சொல்லும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று அப்போதே கேளுங்கள்.

நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2024 ஜனவரியில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு நடந்த இடம். கண்காட்சியும் ஸ்டால்களும் ஆயிரக்கணக்கில் கூட்டமும் இருந்தால் இதுதான். இருநூறு பேரை அங்கே கொண்டுபோனால் காலியாகத் தெரியும்.

தேதி விஷயத்தில் பலர் ஏமாறுவது முகூர்த்த நாளில். ஹோட்டல் ஹால்களுக்குக் கல்யாண வீட்டாரும் போட்டி. ஆடியில் கல்யாணம் இல்லாததால் ஹால் எளிதாகக் கிடைக்கும், பேரம் பேசவும் இடம் உண்டு. மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் சபா அரங்கங்களைக் கச்சேரிகள் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ஹாலில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றார்கள். மின்சாரம் போனதும் விளக்கும் மைக்கும் வந்தன, ஏசி வரவில்லை. ஏசிக்கும் சேர்த்து ஓடுமா என்று நாங்கள் கேட்டிருக்கவில்லை. நாற்பது நிமிடம், மூடிய அறையில் நூற்றைம்பது பேர். அதிலிருந்து எந்த இடமானாலும், நிகழ்ச்சி நடக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் நேரில் போய், மெயினை அணைத்துக் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன்.

இப்போது என் கையில் இருப்பது 120 பேர், பிப்ரவரி மாதம், மூன்று கிளைகளிலிருந்து வரும், ஒருவரையொருவர் மின்னஞ்சலில் மட்டும் அறிந்தவர்கள். முட்டுக்காடு என்று சொல்லியிருக்கிறேன். செவ்வாய் தவிர எந்த நாளும் சரி.